பெடல் ஏன் உள்ளே போகிறது?

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் சுற்றுலா வண்டிகள் பலவும் பர்லியாரில் நின்றுதான் போகும். டீக்கடை, பழக்கடை, வாந்தி எடுத்த குழந்தைக்கு முகம் கழுவ ஓர் இடம். கால் மணி நேரம் கழித்து எல்லோரும் ஏறி, வண்டி கிளம்பி, அடுத்த வளைவுக்கு முன்னால் டிரைவர் பிரேக்கை மிதிக்கிறார். பெடல் வழக்கமாக நிற்கும் இடத்தில் நிற்கவில்லை. எதிர்ப்பே இல்லாமல் கீழே போகிறது. பதறிப்போய் இரண்டு மூன்று முறை விட்டு விட்டு மிதித்ததும் கொஞ்சம் மேலே வருகிறது, வண்டி நிற்கிறது.

“இறங்கும்போது நல்லாத்தானே பிடிச்சுது? நின்னு ஆறினதுக்கு அப்புறம் எப்படிப் போச்சு?” என்று எல்லோருக்கும் குழப்பம். உண்மையில் அது ஆறவில்லை. ஓடும்போது டிஸ்க் மீது காற்று அடித்துக்கொண்டே இருக்கிறது. வண்டி நின்றதும் அந்தக் காற்றும் நின்றுவிடுகிறது. சுட்டுக் கிடக்கும் டிஸ்க்கின் வெப்பம் பேட் வழியாக, அதை அழுத்தும் கேலிப்பருக்குள் இறங்கி, அங்கே தேங்கியிருக்கும் பிரேக் ஆயிலைச் சூடாக்குகிறது. வண்டி நின்று சில நிமிடங்கள் கழித்துத்தான் அந்த ஆயிலின் சூடு உச்சத்தைத் தொடும். ஆயில் பழசாகி, தண்ணீர் சேர்ந்திருந்தால், அந்த நேரத்தில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டாகும். குமிழ் இருக்கும் குழாயில் அழுத்தம் ஏறாது.

மலையில் நடப்பதால் இது பயமுறுத்துகிறது. சமவெளியில், தினமும் அலுவலகத்துக்குப் போய்வரும் காரில், இதே கோளாறு வேறு உருவங்களில் மெல்ல மெல்ல வருகிறது. முதல் மாதம் பெடல் அரை அங்குலம் கூடுதலாக இறங்கும். கால் அதற்குப் பழகிவிடும். அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம். வேறு யாராவது ஒருநாள் வண்டியை எடுத்து, “என்னப்பா, பிரேக் பஞ்சாட்டம் இருக்கு?” என்று கேட்கும்போதுதான் சொந்தக்காரருக்கே உறைக்கும்.

பட்டறைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் ஒரே பதில்தான். “ஏர் இருக்கும் சார், எடுத்துடலாம்.” அரை மணி நேரத்தில் ஏர் எடுப்பார்கள், ஆயில் ஊற்றுவார்கள், பெடல் மேலே வந்துவிடும், காசு வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். சில வாரங்களில் பெடல் மறுபடி இறங்கும். மூடிக் கிடக்கும் குழாய்க்குள் காற்று தானாக முளைப்பதில்லை. வந்த வழியைக் கண்டுபிடிக்காமல் காற்றை மட்டும் வெளியேற்றினால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. அந்த வழியைக் கண்டுபிடிக்கும் வேலையில் பெரும்பகுதியை, ஒரு ஸ்பேனர் கூடத் தொடாமல், வண்டி ஓட்டுபவரே செய்யலாம் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஒரு சி.சி. காற்று

மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாத் திசைக்கும் குறையாமல் பரவும் என்பது 17-ம் நூற்றாண்டில் பாஸ்கல் சொன்ன விதி. கார் பிரேக் முழுக்க அதை நம்பித்தான் இருக்கிறது. நடுத்தரமான ஒரு காரின் கணக்கைப் பார்க்கலாம். கால் 20 கிலோ விசையில் மிதிக்கிறது. பெடலின் நெம்புகோல் அமைப்பு அதை நான்கு மடங்காக்கி 80 கிலோ ஆக்குகிறது. என்ஜினின் வெற்றிடத்தால் இயங்கும் பூஸ்டர் அதை இன்னும் மூன்றரை மடங்காக்கினால் 280 கிலோ. இது சுமார் 20.6 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் மீது விழும்போது ஆயிலில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 84 கிலோ அழுத்தம் ஏறுகிறது. முன்சக்கரக் கேலிப்பரில் 51 மில்லிமீட்டர் பிஸ்டன் இருந்தால், அது பேடை டிஸ்க்கோடு சேர்த்து நெரிக்கும் விசை 1,700 கிலோவைத் தொடும். செருப்புக் காலால் மிதித்த 20 கிலோ அங்கே போய்ச் சேரும்போது இவ்வளவு ஆகிவிடுகிறது.

இத்தனையும் நடக்கக் காரணம், திரவம் அமுங்காது என்பதே. காற்று அமுங்கும். குழாயில் எங்கோ ஒரே ஒரு சி.சி. காற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 84 கிலோ அழுத்தத்தில் அது ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் சுருங்கிவிடும். அந்த இடத்தை நிரப்ப மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் 3 மில்லிமீட்டர் கூடுதலாக உள்ளே போக வேண்டும். பெடலின் நான்கு மடங்குக் கணக்கில் அது காலடியில் 12 மில்லிமீட்டர். ஒரு சி.சி.க்கே இப்படி. மொத்தப் பெடல் ஓட்டமே பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டருக்குள் அடங்குவதால், மூன்று நான்கு சி.சி. காற்று சேர்ந்தால் மிச்சமிருக்கும் இடம் மிகவும் குறைவு.

ஆயில் பிரேக்குக்கு மால்கம் லாக்ஹீட் 1917-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். தம்பி ஆலனோடு சேர்ந்து விமானக் கம்பெனி நடத்தியவர் அவர். 1921-ல் டியூசன்பர்க் காரில் நான்கு சக்கரத்துக்கும் ஆயில் பிரேக் வந்தது. ஆரம்பத்தில் சீல்கள் தோலால் செய்யப்பட்டவை, ஒழுகின. கிரைஸ்லர் நிறுவனத்துப் பொறியாளர்கள் அவற்றை ரப்பராக மாற்றி, 1924-ல் தங்கள் காரில் கொண்டுவந்த பிறகுதான் அந்த அமைப்பு நிலைத்தது. நூறு வருடம் ஆகியும் பலவீனமான இடம் மாறவில்லை. பெடல் இறங்கும் காரணத்தைத் தேடிப் போனால் பெரும்பாலும் ஏதோ ஒரு ரப்பரின் விளிம்பில்தான் போய் முட்டுவோம். நம் ஊரில் இந்தத் தொழில் பெரிதாக வேரூன்றியது சென்னை பாடியில். டி.வி.எஸ். குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனமும் சேர்ந்து 1962-ல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா அங்கிருந்துதான் வளர்ந்தது. இந்திய வண்டிகளின் பிரேக்கைப் பற்றி எழுதும்போது பாடியைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

காலால் பார்க்கும் சோதனை

பெடல் உள்ளே போகிறது என்று பொதுவாகச் சொல்வதில் மூன்று வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, மிதித்தால் ஸ்பிரிங் வைத்த மாதிரி மெத்தென்று இருப்பது. இரண்டாவது, முதல் மிதியில் ஆழமாகப் போய், இரண்டாவது மிதியில் மேலே வந்து கெட்டியாக நிற்பது. மூன்றாவது, கெட்டியாகத்தான் நிற்கும், ஆனால் காலை எடுக்காமல் அழுத்தியே வைத்திருந்தால் லிப்ட் இறங்குவதைப் போல மெதுவாகக் கீழே போவது. இந்த மூன்றுக்கும் காரணம் வேறு, பார்க்க வேண்டிய இடமும் வேறு. எது என்று தெரியாமல் பாகங்களை மாற்ற ஆரம்பித்தால் பணம்தான் போகும்.

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, என்ஜினை அணைத்துவிட்டு உட்காருங்கள். முதலில் ஐந்தாறு முறை பெடலை முழுக்க மிதித்து விடுங்கள். பூஸ்டரில் தேங்கிய வெற்றிடம் தீர்ந்து பெடல் கல்லாக வேண்டும். இப்போது ஒரு மிதமான அழுத்தம் கொடுத்து அப்படியே வைத்திருங்கள். இந்த நிலையிலும் மெத்தென்று இருந்தால் குழாயில் காற்று, அல்லது வீங்கும் ஹோஸ், அல்லது வளையும் கேலிப்பர். இதில் பூஸ்டருக்குச் சம்பந்தமே இல்லை. பூஸ்டர் கெட்டால் பெடல் கடினமாகுமே தவிர மென்மையாகாது. இதைத் தெரியாமல் பூஸ்டரை மாற்றச் சொல்பவர்களும் உண்டு.

காலை எடுக்காமலே என்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் தானாக இறங்கி நிற்கும். அது நல்ல அறிகுறி, பூஸ்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம். இதையே கோளாறு என்று நினைத்துப் பயந்து பட்டறைக்கு ஓடுபவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது பலரும் தவறவிடும் சோதனை. என்ஜின் ஓடும்போது, சிக்னலில் நிற்கும் அளவுக்கு லேசாக மட்டும் மிதித்து ஒரு நிமிடம் வைத்திருங்கள். பிறகு பலமாக மிதித்து ஒரு நிமிடம். தேய்ந்துபோன மாஸ்டர் சிலிண்டர் பல நேரங்களில் பலமான மிதிக்கு ஒழுங்காகப் பிடித்துவிடும். அதிக அழுத்தம் ரப்பர் சீலின் உதட்டை விரித்துச் சுவரோடு ஒட்டவைத்துவிடுவதே காரணம். லேசான மிதியில்தான் சீலைத் தாண்டி ஆயில் பின்னால் நழுவும், பெடல் மெல்ல இறங்கும். சிக்னலில் மட்டும் பெடல் இறங்குகிறது, ஓட்டும்போது நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் கதை இதுதான். வெளியே ஒரு சொட்டு ஒழுக்கும் இருக்காது, டப்பாவில் ஆயில் அளவும் குறையாது. அதனால்தான் இதைக் கண்டுபிடிக்கத் தாமதமாகிறது.

இரண்டாவது மிதியில் மேலே வரும் வகைக்கு இன்னொரு எளிய சோதனை உண்டு. பின்சக்கரத்தில் டிரம் உள்ள கார் என்றால், ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டுப் பெடலை மிதித்துப் பாருங்கள். முன்பை விட மேலேயே நின்றுவிட்டால் பின்பக்க ஷூ டிரம்மிலிருந்து தள்ளி நிற்கிறது. தேயத் தேய ஷூவை நெருக்கமாக வைத்திருக்க உள்ளே ஒரு அட்ஜஸ்டர் உண்டு. தூசியும் துருவும் ஏறி அது இறுகிப்போனால் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போகும். டிரம்மைக் கழற்றிச் சுத்தம் செய்து, கிரீஸ் வைத்து, அளவு சரிசெய்தால் தீர்ந்தது. இதற்கு ஏர் எடுப்பது வீண் வேலை.

தடம் தேடுதல்

பானட்டைத் திறந்து ஆயில் டப்பாவைப் பாருங்கள். அளவு குறைந்திருந்தால் உடனே ஊற்றிவிடக் கூடாது. பேட் தேயத் தேயக் கேலிப்பர் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் கீழே போகும். ஆகவே மெதுவாகக் குறைவது இயல்பு. பேட் தடிமனைப் பார்க்காமல் ஆயிலை மட்டும் நிரப்பினால், தேய்ந்துபோன பேடை எச்சரிக்க வேண்டிய விளக்கு எரியாமலே போய்விடும். திடீரென்று குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது.

ஒழுக்கைத் தேட ஒரு டார்ச்சும் பொறுமையும் போதும். ஒவ்வொரு சக்கரத்தின் உள்பக்கச் சுவரிலும் ஈரக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். டிரம் உள்ள சக்கரத்தில் வீல் சிலிண்டரின் இரு பக்கமும் உள்ள ரப்பர் தொப்பியை லேசாக விலக்கினால், உள்ளே ஆயில் தேங்கியிருக்கிறதா என்று தெரியும். லேசான கசிவு பல மாதம் அந்தத் தொப்பிக்குள்ளேயே மறைந்திருக்கும். ஷூவில் ஆயில் பட்டிருந்தால் அதைத் துடைத்துப் போடக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். மாஸ்டர் சிலிண்டரும் பூஸ்டரும் சேரும் இடத்துக்குக் கீழே பூஸ்டரின் பெயின்ட் உரிந்து கொப்பளித்திருந்தால் பின்பக்கச் சீல் ஒழுகுகிறது. பிரேக் ஆயில் பட்டால் பெயின்ட் தாங்காது. ஆயில் குறைகிறது, வெளியே எங்கும் ஈரமில்லை என்றால் பூஸ்டருக்குள் போகிறதா என்று பாருங்கள். கடலோர ஊர் வண்டிகளில் கீழே ஓடும் இரும்புக் குழாய்களையும், முக்கியமாக அவை கிளிப்புக்குள் போகும் இடங்களையும், விரலால் தடவிப் பார்க்க வேண்டும். உப்புக்காற்றில் துரு முதலில் பிடிப்பது அங்கேதான்.

ஒழுக்கே இல்லை, ஆனாலும் மெத்தென்று இருக்கிறது என்றால் நல்ல மெக்கானிக் ஹோஸ் கிளாம்பை எடுப்பார். வழவழப்பான வாய் உள்ள அந்தக் கிளாம்பால் சக்கரங்களுக்குப் போகும் ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் மென்மையாக நெரித்து மூடுவார். இப்போது பெடல் கல்லாக இருந்தால் மாஸ்டர் சிலிண்டர் நல்லது, கோளாறு சக்கரப் பக்கம். அப்படியும் இறங்கினால் கோளாறு மேலே, மாஸ்டரிலோ ஏ.பி.எஸ். யூனிட்டிலோ. பிறகு ஒவ்வொரு கிளாம்பாக விடுவித்துப் பெடலை மிதித்துப் பார்ப்பார். எந்தச் சக்கரத்தைத் திறந்ததும் பெடல் இறங்குகிறதோ, குற்றவாளி அந்தச் சக்கரம். பத்து நிமிட வேலைதான். இதைச் செய்யும் பட்டறையை நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புவேன். ஆனால் வைஸ் கிரிப் போட்டு ஹோஸை நசுக்குபவரிடமிருந்து வண்டியை உடனே வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். ஹோஸ் உள்ளே கிழிந்துவிடும், வெளியே தெரியாது.

கேலிப்பரில் கவனிக்க வேண்டியவை இரண்டு. அது நகரும் பின்கள் காய்ந்து இறுகினால் கேலிப்பர் நேராக நகராமல் வளைந்து கொடுக்கும், பேட் சாய்வாகத் தேயும், பெடல் மெத்தென்று ஆகும். இன்னொன்று, பழுதுபார்த்த பிறகு இடது வலது கேலிப்பர்களை மாற்றிப் பொருத்திவிடுவது. அப்போது ஏர் எடுக்கும் நிப்பிள் மேலே இருப்பதற்குப் பதில் கீழே போய்விடும். காற்று மேலேதான் தங்கும். கீழே உள்ள துளை வழியாக எத்தனை லிட்டர் ஆயில் விட்டாலும் அது வெளியே வராது. ஏர் எடுத்து எடுத்துச் சலித்துப்போன வண்டிகளில் இதையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

“அழுத்து… புடி… விடு”

காரணம் தெரிந்து, அதைச் சரிசெய்த பிறகுதான் ஏர் எடுக்க வேண்டும். பட்டறைகளில் இது இரண்டு பேர் வேலை. பையன் உள்ளே டிரைவர் சீட்டில், மேஸ்திரி சக்கரத்தின் அருகில் குத்துக்காலிட்டு. நிப்பிளின் ரப்பர் மூடியைக் கழற்றி, துணியால் மண்ணைத் துடைத்து, முதலில் ரிங் ஸ்பேனரை மாட்டி, அதன் மேல் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூபைச் செருகுகிறார். டியூபின் மறுமுனை பாட்டிலில் கொஞ்சம் ஊற்றிய புது ஆயிலுக்குள் மூழ்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளிக்காற்று திரும்ப உறிஞ்சப்படும்.

“அழுத்து.” பையன் மெதுவாக அழுத்துகிறான். “புடி.” கால் அப்படியே நிற்கிறது. ஸ்பேனர் கால் சுற்று திரும்புகிறது. டியூபில் முதலில் டிகாக்‌ஷன் நிறத்தில் பழைய ஆயில் வருகிறது, அதன் நடுவே கடுகளவு குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்கின்றன. பெடல் கீழே போய்க்கொண்டிருக்கும்போதே நிப்பிள் மூடப்படுகிறது. அதன் பிறகுதான் “விடு.” மூடுவதற்கு முன் பையன் காலை எடுத்துவிட்டால் வெளியேறிய காற்று அதே வழியில் திரும்பி உள்ளே போகும். அவ்வளவு நேரம் செய்தது பாழ். இளம் மஞ்சளாகப் புது ஆயில் குமிழின்றி வரும் வரை இது தொடர வேண்டும். இடையில் டப்பா காலியாகிவிடாமல் மேலே ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். காலியானால் மாஸ்டர் சிலிண்டரே காற்றை விழுங்கிவிடும்.

மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரத்தில் உள்ள சக்கரத்தில் ஆரம்பிப்பது பழைய வழக்கம். நம் ஊர் கார்களில் அது பின்பக்க இடது சக்கரம். ஆனால் இன்றைய கார்கள் பலவற்றில் முன் வலதும் பின் இடதும் ஒரு சுற்று, முன் இடதும் பின் வலதும் இன்னொரு சுற்று என்று குறுக்காகப் பிரித்திருப்பார்கள். அந்த வண்டிகளுக்குக் கம்பெனி கையேடு சொல்லும் வரிசை வேறாக இருக்கலாம். கையேட்டின்படி போவதே சரி.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய வண்டியில் ஏர் எடுக்கும்போது பெடலைத் தரை வரைக்கும் மிதிக்கக் கூடாது. தினசரி ஓட்டத்தில் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் முன்பாதி தூரம்தான் போய்வருகிறது. அதற்கு அப்பால் சுவரில் வருடக்கணக்கான படிவும் துருவும் இருக்கும். முழு ஆழத்துக்கு மிதித்தால் மென்மையான ரப்பர் உதடு அந்தச் சொரசொரப்பில் உரசிக் கிழியும். காலையில் கொஞ்சம் மெத்தென்று இருந்த பெடல், மாலையில் நிற்கவே மாட்டேன் என்று இறங்கும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டால் இந்த நஷ்டம் வராது.

ஏ.பி.எஸ். உள்ள வண்டிகளில் அதன் யூனிட்டுக்குள் காற்று புகுந்துவிட்டால் இந்த வழி போதாது. ஸ்கேனர் இணைத்து, உள்ளே உள்ள பம்பையும் வால்வுகளையும் இயக்கிக்கொண்டேதான் ஏர் எடுக்க முடியும். 2019-லிருந்து புதிய கார்களில் ஏ.பி.எஸ். கட்டாயம் என்பதால், ஸ்கேனர் இல்லாத பட்டறைக்கு இந்த வேலை இனி கடினம்தான். அனுபவமுள்ள சிறு பட்டறைக்காரர்கள் ஒதுங்கிப்போவதை விட, நாலு பேர் சேர்ந்தாவது ஒரு ஸ்கேனர் வாங்கிப் பழக வேண்டும் என்பது என் ஆசை. அவர்கள் கையில் உள்ள அறிவு வீணாகக் கூடாது.

ஆயிலும் தண்ணீரும்

பிரேக் ஆயில் என்று நாம் கூப்பிட்டாலும் அது எண்ணெய் அல்ல. கிளைகால் ஈதர் வகை ரசாயனம், தண்ணீரோடு கலக்கும், காற்றிலுள்ள ஈரத்தையே இழுத்துக்கொள்ளும். டப்பாவின் மூடித் துளை வழியாகவும், ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகவும் ஈரம் நாள்தோறும் உள்ளே வந்துகொண்டிருக்கிறது. சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற புழுக்கமான ஊர்களில் இதைச் சொல்லவே வேண்டாம்.

பாட்டிலில் போட்டிருக்கும் டாட் எண் கொதிநிலையைக் குறிக்கிறது. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 4-க்கு 230, ஈரம் சேர்ந்தால் 155. டாட் 5.1-க்கு 260, ஈரம் சேர்ந்தால் 180. நூறு பங்கில் நாலு பங்கு கூட இல்லாத தண்ணீர் 65 முதல் 80 டிகிரி வரை தின்றுவிடுகிறது. பர்லியாரில் நடந்தது இதுதான். ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுக்க மாற்றச் சொல்லும் கம்பெனிகள் பல. கிலோமீட்டர் குறைவாக ஓடிய வண்டிக்கும் இது பொருந்தும், நின்ற வண்டியிலும் ஈரம் ஏறும். நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. ஈரம் பார்க்கும் பேனா மீட்டர் பட்டறைகளில் வந்துவிட்டது, கொதிநிலையையே அளக்கும் கருவி இன்னும் நம்பகமானது.

டாட் 5 என்பது 5.1 அல்ல. அது சிலிக்கோன் வகை, கிளைகால் ஆயிலோடு கலக்கக் கூடாதது, ஏ.பி.எஸ். வண்டிகளுக்கு ஆகாதது. எண் பெரிதாக இருக்கிறது என்று வாங்கி ஊற்றிவிடாதீர்கள். போன வருடம் திறந்து, பாதி மிச்சம் வைத்த பாட்டிலையும் நம்பாதீர்கள்.

இதை விடக் கொடுமை, பவர் ஸ்டியரிங் ஆயிலையோ என்ஜின் ஆயிலையோ தவறிப்போய் ஊற்றிவிடுவது. பிரேக்கின் ரப்பர்கள் கனிம எண்ணெய் பட்டால் ஊதிப்போய் உருக்குலையும். சந்தேகம் வந்தால், டப்பாவிலிருந்து சில சொட்டு எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் விடுங்கள். பிரேக் ஆயில் கரைந்துவிடும். மேலே பளபளவென்று படலம் மிதந்தால் வண்டியை ஓட்டவே கூடாது. மாஸ்டரிலிருந்து கடைசி வீல் சிலிண்டர் வரை ரப்பர் உள்ள பாகங்கள் அனைத்தையும் மாற்றி, குழாய்களைக் கழுவித்தான் ஆக வேண்டும். செலவு வலிக்கும், ஆனாலும் குறுக்கு வழி கிடையாது.

இறக்கத்தில்

குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் சுமார் 330. ஆட்களோடு 1,400 கிலோ எடையுள்ள கார் அந்த 1,500 மீட்டரை இறங்கும்போது விடுபடும் ஆற்றல், 65 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமானது. டயர் உருள்வதும் எதிர்க்காற்றும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை என்ஜின் ஏற்க வேண்டும், இல்லையென்றால் பிரேக் ஏற்கும். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று பழைய லாரி டிரைவர்கள் சொல்வது இந்தக் கணக்கைத்தான். நியூட்ரலில் உருட்டி பெட்ரோல் மிச்சம் பிடிப்பதாக நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: இன்றைய என்ஜின்கள் கியரில் இறங்கும்போது எரிபொருளையே நிறுத்திவிடும், நியூட்ரலில்தான் செலவாகும். ஆட்டோமேட்டிக் வண்டியில் குறைந்த கியர் நிலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மின்சாரக் காரை மலையுச்சியில் முழுக்கச் சார்ஜ் ஏற்றிவிட்டுக் கிளம்பினால், பேட்டரியில் இடமில்லாததால் மோட்டாரின் பிரேக் உதவி குறைந்துவிடும். கொஞ்சம் காலி வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

இறக்கத்தில் பெடல் போய்விட்டால்: வேகமாக விட்டு விட்டு மிதியுங்கள், ஒவ்வொரு கியராகக் குறையுங்கள், பட்டனை அழுத்திப் பிடித்தபடி ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். இரண்டு சுற்றில் ஒன்று மட்டும் அறுந்திருந்தால் பெடல் ஆழமாகப் போய், அதன் பிறகு பாதி பிரேக் பிடிக்கும். அதனால் தரை தட்டுகிறதே என்று பயந்து காலை எடுத்துவிடாமல் முழு பலத்தோடு மிதியுங்கள். என்ஜினை மட்டும் அணைக்கக் கூடாது, பூஸ்டரும் ஸ்டியரிங் உதவியும் போய்விடும். நின்ற பிறகு, ஆறிப்போய்ப் பெடல் பழையபடி வந்துவிட்டது என்று அதே ஆயிலோடு ஊருக்கு ஓட்டிப் போகக் கூடாது. ஒருமுறை கொதித்த ஆயில் அடுத்த இறக்கத்தில் மறுபடி கொதிக்கும்.

வண்டியை வாங்கும்போது

வேலை முடிந்தது என்று சாவியை நீட்டும்போது சில கேள்விகளைக் கூச்சப்படாமல் கேளுங்கள். காற்று எங்கிருந்து வந்தது? எந்தச் சக்கரத்தில்? மாற்றிய சீலையும் ஹோஸையும் கையில் காட்டச் சொல்லுங்கள். எந்த டாட் ஆயில் ஊற்றினார்கள், புதுப் பாட்டில் திறந்தார்களா என்று பார்த்து, தேதியோடு டப்பா மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லுங்கள். ரப்பர் வாஷர் கிட் போட்டு மாஸ்டர் சிலிண்டரைத் தேற்றினார்களா, புதிது போட்டார்களா என்பதும் தெரிய வேண்டும். சிலிண்டர் சுவரில் கீறல் இருந்தால் கிட் போட்டுப் பயனில்லை. புது மாஸ்டர் போட்டிருந்தால், பொருத்துவதற்கு முன்பே அதில் தனியாக ஏர் எடுத்தார்களா என்று கேளுங்கள்.

பேட் மாற்றியிருந்தால், வண்டியை நகர்த்தும் முன் பெடலைப் பல முறை மிதித்துக் கெட்டியாக்கிக்கொள்ளுங்கள். பேட் போடும்போது பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பார்கள், முதல் மிதி ஒன்றையும் பிடிக்காது. பட்டறை வாசலிலேயே முன்னால் நிற்கும் வண்டியில் இடிப்பது இப்படித்தான். பிறகு ஆளில்லாத இடத்தில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு முறை, நாற்பதில் இரண்டு முறை நிறுத்திப் பாருங்கள். திரும்பி வந்து நான்கு நிப்பிள்களிலும் ஈரம் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். மூடிகளை மாட்டினார்களா என்றும் பாருங்கள். மறுநாள் காலையில் டப்பாவின் அளவை இன்னொரு முறை சரிபார்த்து, ஒரு நிமிட மிதிச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். அப்போதும் பெடல் இறங்கினால் அதே பட்டறைக்கே கொண்டுபோய், இந்த முறை கிளாம்ப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.